ஆர்வி (தங்குற வசதியோட இருக்குற பயண வண்டி) வாட்டர் ஹீட்டர்ல ஃபால்ட் கோட் வந்தா என்ன பண்றது: அடிக்கடி கேக்குற கேள்விகள்

சிவப்பு லைட் எரியுது, இல்லேன்னா டிஸ்ப்ளேல ஏதோ நம்பர் வருது. எந்த பார்ட் போச்சுன்னு அர்த்தம்?

இத மட்டும் சரியா புரிஞ்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்ச மாதிரி, அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன். எந்த பார்ட் போச்சுன்னு கோட் சொல்லாது. பத்த வைக்கிற வேலையில போர்டு, அதாவது ஹீட்டர ஓட்டுற எலக்ட்ரானிக் சர்க்யூட், எந்த இடத்துல நின்னு போச்சுன்னுதான் சொல்லும். ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சுதான் நிறைய பேர் நல்லா இருக்குற போர்டையும் கேஸ் வால்வையும் கழட்டிப் போட்டுட்டு புதுசு வாங்குறாங்க.

டேங்க் வச்ச ஹீட்டர்ல நடக்குறது இதுதான். ஸ்விட்ச் போட்டதும் 12 வோல்ட் தெர்மோஸ்டாட் வழியா, ஓவர்ஹீட் கட்ஆஃப் வழியா போர்டுக்கு வரும். போர்டு சில செகண்ட் சும்மா இருக்கும், அப்புறம் கேஸ் வால்வையும் திறந்து ஸ்பார்க்கையும் விடும், அதுக்கப்புறம் சில செகண்டுக்குள்ள "தீ பிடிச்சிருச்சு"ன்னு அதுக்கு சிக்னல் வந்தாகணும். வரலேன்னா வால்வ மூடிடும். பல மாடல்ல இப்படி மூணு தடவ பாத்துட்டு லாக்அவுட் ஆயிடும், அதாவது முயற்சிய நிறுத்திடும், அப்பதான் சிவப்பு லைட். ஆக அந்த லைட்டுக்கு அர்த்தம் "தீ இருக்குறது எனக்குத் தெரியல", அவ்வளவுதான். கேஸ் வராம இருக்கலாம், ஸ்பார்க் வராம இருக்கலாம், தீ நல்லா எரிஞ்சும் போர்டுக்கு அது போய்ச் சேராம இருக்கலாம்.

கோட் லிஸ்ட் எங்க கிடைக்கும்? ஒருத்தர் இ1ன்னா ஒண்ணு சொல்றார், இன்னொருத்தர் வேற சொல்றார்.

ரெண்டு பேரும் அவங்கவங்க ஹீட்டருக்கு சரியாத்தான் சொல்லிருப்பாங்க. கம்பெனிக்கு கம்பெனி, சில சமயம் ஒரே கம்பெனியிலயே மாடலுக்கு மாடல் நம்பர் மாறும். அதனால நான் இங்க நம்பர் போட்டு ஒரு டேபிள் தரல, தந்தா அது யாரையாவது தப்பான இடத்துக்குத்தான் கொண்டு போகும். வண்டிக்கு வெளிப்பக்கம் இருக்குற ஹீட்டர் கதவத் திறந்து உள் பக்கம் பாருங்க, பல ஹீட்டர்ல வயரிங் படமும் மாடல் நம்பரும் அங்கதான் ஒட்டியிருக்கும், அந்த மாடல் நம்பர வச்சு மேனுவல் எடுத்துக்கலாம்.

போர்டுல சின்ன எல்இடி மினுக்கி கோட் காட்டுற மாடலா இருந்தா கண்ணால எண்ணாதீங்க. போன்ல ஒரு நிமிஷம் வீடியோ எடுத்து மெதுவா ஓட்டிப் பாருங்க. ரெண்டு மினுக்கா மூணு மினுக்கான்னு தப்பா எண்ணிட்டு வேற பக்கம் போய் அரை நாள் வீணாக்கினவங்க நிறைய. முக்கியமா ஸ்விட்ச ஆஃப் பண்றதுக்கு முன்னாடியே எடுத்துடுங்க, பல மாடல்ல ஆஃப் பண்ணதும் கோட் அழிஞ்சிடும்.

ரீசெட் எப்படி பண்றது? எத்தனை தடவ பண்ணலாம்?

ஆஃப் பண்ணுங்க, ஒரு அஞ்சு நிமிஷம் விடுங்க, மறுபடி ஆன் பண்ணுங்க. சிலிண்டர் இப்பதான் மாத்தினீங்கன்னா லைன்ல காத்து இருக்கும், முதல்ல உள்ள இருக்குற கேஸ் அடுப்ப பத்த வச்சு தீ நிதானமா நிக்கிற வரைக்கும் விட்டுட்டு அப்புறம் ஹீட்டருக்கு வாங்க. இதுக்கெல்லாம் ரெண்டு ரீசெட் போதும். பத்து தடவ பன்னெண்டு தடவன்னு போட்டுக்கிட்டே இருக்காதீங்க, ஒவ்வொரு தடவையும் எரியாத கேஸ் கொஞ்சம் பர்னர் பாக்ஸுக்குள்ள வருது, கடைசியில ஒரு ஸ்பார்க் பிடிச்சா "டப்"னு வெளிய அடிக்கும். மூஞ்சிய கிட்ட வச்சு பாத்துக்கிட்டு இருக்குற நேரமா பாத்துதான் அடிக்கும்.

இக்னிஷன் ஃபெயிலியர் கோட். எங்கருந்து ஆரம்பிக்கிறது?

காதுல இருந்து. வெளிப்பக்க கதவத் திறந்து வச்சுட்டு, உள்ள ஒருத்தர ஸ்விட்ச் போடச் சொல்லிட்டு, தள்ளி நின்னு கேளுங்க. மூணு சத்தம் வரணும். வால்வு திறக்குற ஒரு "டக்", ஸ்பார்க்கோட "டிக் டிக் டிக்", அப்புறம் தீ பிடிக்கிற "புஸ்".

ஒண்ணுமே கேக்கலேன்னா போர்டுக்கு கரண்ட் வரல, கேஸ் பக்கம் போகவே வேண்டாம். டக் வருது, டிக் டிக் வரலேன்னா ஸ்பார்க் விடுற கம்பிய, அதாவது எலக்ட்ரோட பாருங்க: வெள்ளை பீங்கான் விரிஞ்சிருக்கா, வயர் கழண்டிருக்கா, முனைக்கும் பர்னருக்கும் நடுவுல இடைவெளி சுமார் 3 மில்லிமீட்டர் இருக்கா. பீங்கான்ல மயிரிழை மாதிரி ஒரு விரிசல் இருந்தாலே போதும், ஸ்பார்க் முனைக்கு வராம அந்த விரிசல் வழியா ஓடிடும். சாயங்காலம் இருட்டினப்புறம் பாத்தீங்கன்னா நீலமா தப்பான இடத்துல பொறி தெறிக்கிறது நல்லாவே தெரியும், பகல்ல கண்டுபிடிக்கிறது கஷ்டம்.

டிக் டிக் வருது, டக் வரலேன்னா வால்வுக்கு 12 வோல்ட் போகுதான்னு மல்டிமீட்டர வச்சுப் பாக்கணும், அதுவும் ஸ்பார்க் அடிக்கிற அந்த சில செகண்டுக்குள்ள. போகுது, ஆனா வால்வு திறக்கலேன்னா வால்வு சந்தேகம். போகலேன்னா போர்டோ அதோட கனெக்டரோ. டக், டிக் ரெண்டும் வந்து புஸ் மட்டும் வரலேன்னா கேஸ் வரல, இல்ல வர்ற கேஸ் பர்னருக்கு ஒழுங்கா போகல. புஸ்ஸும் வந்து அணைஞ்சு போனா அது தனிக் கதை, கீழ சொல்றேன்.

சிலிண்டர் ஃபுல்லா இருக்கு, ஆனா கேஸ் வரல. எப்படி?

சிலிண்டர் வால்வ வேகமா திறந்தீங்களா? நிறைய சிலிண்டர் கனெக்ஷன்ல கேஸ் திடீர்னு அதிகமா ஓடினா ஹோஸ் அறுந்துடுச்சுன்னு நினைச்சு தானா அடைச்சுக்கிற ஒரு சேஃப்டி இருக்கு. சடார்னு திறந்தா அது ஏமாந்து அடைச்சுக்கும், கொஞ்சமா மட்டும்தான் கேஸ் விடும். அடுப்பு சின்னதா எரியும், ஹீட்டர் எரியாது. அடுப்ப, ஹீட்டர எல்லாம் மூடுங்க, சிலிண்டர மூடுங்க, சில நிமிஷம் கழிச்சு ரொம்ப மெதுவா திறங்க.

குளிரும் ஒரு காரணம். புரோப்பேன் மைனஸ் 42 டிகிரி செல்சியஸ் வரைக்கும் ஆவியாகும், பியூட்டேன் பூஜ்யத்துக்கிட்ட வந்தாலே ஆவியாகுறது நின்னுடும். பியூட்டேன் கலந்த சிலிண்டர வச்சுக்கிட்டு பனி நேரத்துல பாத்தா சிலிண்டர் கனமாத்தான் இருக்கும், ஹீட்டருக்கு மட்டும் கேஸ் போகாது.

அப்புறம் ரெகுலேட்டர். ஹீட்டருக்கு வேண்டிய பிரஷர் சுமார் 11 இன்ச் தண்ணி உயரம் (வாட்டர் காலம்னு சொல்ற அளவு), அதாவது கிட்டத்தட்ட 27 மில்லிபார், சில நாட்டு சிஸ்டம் 30 மில்லிபாருக்கு செட் பண்ணியிருக்கும். அடுப்பு எரியும்போது ஹீட்டர ஆன் பண்ணா அடுப்புத் தீ சட்டுனு சுருங்குதான்னு பாருங்க. சுருங்கினா பிரஷர் தாங்கல. ஆனா அத அளக்க மேனோமீட்டர் வேணும், ரெகுலேட்டர நீங்களா திருகாதீங்க, அது கேஸ் டெக்னீஷியன் வேலை.

தீ பிடிக்குது, அஞ்சாறு செகண்ட்ல தானா அணையுது, திரும்பவும் அதே கோட்.

இதுதான் எல்லாரையும் அலைக்கழிக்கிற பிரச்சினை. கண்ணு முன்னாடி தீ எரியுது, போர்டு "தீ இல்ல"ங்குது. தீக்கு ஒரு குணம் இருக்கு, அது வழியா கரண்ட் ரொம்ப ரொம்பக் கம்மியா, மைக்ரோ ஆம்ப் கணக்குல, ஒரே திசையில ஓடும். அந்தத் துளி கரண்ட் எலக்ட்ரோட்ல இருந்து தீ வழியா பர்னருக்கு வந்து, பர்னர்ல இருந்து கிரவுண்ட், அதாவது கரண்ட் திரும்பி வர்ற வயர், வழியா போர்டுக்குத் திரும்பணும். திரும்பி வந்தாதான் தீ இருக்குன்னு போர்டு நம்பும். இந்தச் சுத்துல எங்க துரு இருந்தாலும், கரி படிஞ்சிருந்தாலும், அந்த மைக்ரோ ஆம்ப் செத்துடும். ஸ்பார்க் பல ஆயிரம் வோல்ட், அது துருவத் தாண்டிக் குதிச்சிடும். தீயோட சிக்னலுக்கு அந்த பலம் கிடையாது.

எனக்கு நடந்தத சொல்றேன். இதே மாதிரி பிடிச்சுப் பிடிச்சு அணைஞ்சுது. எலக்ட்ரோட் மாத்தினேன், போகல. போர்டு மாத்தினேன், ரெண்டு நாள் எரிஞ்சுது, மூணாவது நாள் பழைய குருடி கதவத் திறடின்னு அதே லைட். கடைசியில டார்ச் அடிச்சு ஒவ்வொரு வயரா பிடிச்சு ஆட்டிக்கிட்டே வந்தப்பதான் பர்னர் பக்கத்துல ஒரு திருகுக்கு அடியில இருந்த கிரவுண்ட் வயர் கண்ணுல பட்டுது. மேல இருந்து பாத்தா இறுக்கமாத்தான் இருந்துச்சு. கழட்டிப் பாத்தா வளையத்துக்கு அடியில வெள்ளையும் பச்சையுமா பூத்துப் போயிருக்கு. உப்புத்தாளால ரெண்டு பக்கமும் பளபளன்னு ஆகுற வரைக்கும் தேச்சு, திரும்ப இறுக்கினேன். ஒரே தடவையில பிடிச்சுது, அப்புறம் அணையவே இல்ல. போர்டு மாத்தினப்ப ரெண்டு நாள் எரிஞ்சதுக்கும் காரணம், கழட்டி மாட்டும்போது அந்த வயர் கொஞ்சம் அசைஞ்சதுதான்.

அதனால ஒரு போர்டு வாங்குறதுக்கு முன்னாடி ஒரு பென்சில் ரப்பர் எடுங்க. 12 வோல்ட்ட ஆஃப் பண்ணிட்டு, போர்டோட ஓரத்துல கனெக்டர் சொருகுற இடத்துல வரிசையா உலோகப் பட்டை இருக்கும் பாருங்க, அது மங்கிப் போயிருந்தா ரப்பரால மெதுவா அழிங்க. ரப்பர் கறுப்பாகும், பட்டை பளிச்னு ஆகும். ரப்பர் துகள ஊதி விட்டுட்டு கனெக்டர ரெண்டு மூணு தடவ சொருகி எடுத்து மாட்டுங்க. அதோட கிரவுண்ட் திருகு, எலக்ட்ரோட் முனையில கரி, இந்த மூணையும் பாத்துட்டு அப்புறம் போர்டு மேல சந்தேகப்படுங்க.

சிலந்திக் கூடு கட்டினா கூட ஹீட்டர் எரியாதுங்கறாங்களே, நிஜமா?

நிஜம்தான். பர்னர் டியூப் வெளிப்பக்கம் திறந்திருக்குற குழாய், சிலந்திக்கும் குளவிக்கும் ஒதுங்க நல்ல இடம். வண்டி ரெண்டு மாசம் சும்மா நின்னா போதும். வலை டியூப்ப பாதி அடைச்சா காத்து சரியா கலக்காது, தீ நீலமா இல்லாம மஞ்சளா ஆடும், கரி படியும், சில சமயம் தீ டியூப் வாய்லயே எரியும். டியூப்புக்குள்ள நீளமான பிரஷ் விட்டுத் துடைங்க, காத்து அடிச்சு ஊதுங்க. ஆனா கேஸ் பீச்சுற பித்தளை ஜெட்டோட ஓட்டைக்குள்ள மட்டும் ஊசியோ கம்பியோ விடாதீங்க. அந்த ஓட்டையோட அளவுதான் எவ்வளவு கேஸ் வரணும்னு முடிவு பண்ணுது, கொஞ்சம் பெருசானாலும் தீ மாறிடும். ஜெட்ட சுத்தம் பண்ணணும்னா கேஸ் லைனத் திறந்தாகணும், அத தெரிஞ்சவங்கள வச்சுப் பண்ணிட்டு லீக் டெஸ்ட்டும் பண்ணிடுங்க.

ஓவர்ஹீட் கோட், இல்லேன்னா திடீர்னு ஹீட்டரே செத்த மாதிரி கிடக்குது.

தண்ணி அளவுக்கு மேல சூடாச்சுன்னா, பல டேங்க் மாடல்ல சுமார் 82 டிகிரி செல்சியஸ், மேல சொன்ன ஓவர்ஹீட் கட்ஆஃப் தட்டிடும். சில மாடல்ல வெளிப்பக்கம் கறுப்பு ரப்பர் மூடிக்குக் கீழ ரீசெட் பட்டன் இருக்கும், கேஸுக்கு ஒண்ணு, ஏசி கரண்ட்டுக்கு ஒண்ணுன்னு ரெண்டு. தண்ணி ஆறினப்புறம் அழுத்தினாதான் நிக்கும். சூட்டோட அழுத்திட்டு பட்டன் போச்சுன்னு சொல்றவங்க நிறைய.

ஒரு தடவ தட்டினா பரவால்ல. திரும்பத் திரும்ப தட்டினா காரணம் தேடணும். டேங்க் முழுசா நிறையல, இல்ல தெர்மோஸ்டாட் ஒட்டிக்கிச்சு, இல்ல தெர்மோஸ்டாட் டேங்க ஒட்டி உக்காராம விலகியிருக்கு, இல்ல உள்ள உப்புப் படிவு கெட்டியா சேந்துருச்சு. அவசரத்துக்கு கட்ஆஃப்ப வயர் போட்டு நேரடியா இணைச்சுடாதீங்க. கொதிச்சு ஆவியாகிற தண்ணிக்கும் உங்களுக்கும் நடுவுல அப்புறம் பிரஷர் ரிலீஃப் வால்வு ஒண்ணுதான் மிச்சம்.

இன்னொண்ணு, சில மாடல்ல பர்னர் கிட்ட வயர்ல பிளாஸ்டிக் உறைக்குள்ள சின்ன ஃபியூஸ் மாதிரி ஒண்ணு தொங்கும். தீ வெளிப்பக்கம் வந்தா அது ஒரே தடவதான் உருகும், ரீசெட் கிடையாது. மாத்தலாம், ஆனா தீ ஏன் வெளிய வந்துச்சுன்னு பாக்காம மாத்தினா அடுத்ததும் உருகும். சிலந்தி வலை, அடைச்ச எக்ஸாஸ்ட், எதிர்க்காத்து இதுல ஏதோ ஒண்ணா இருக்கும்.

வோல்டேஜ் லோ கோட் வருது, ஆனா லைட்டெல்லாம் நல்லா எரியுதே?

எல்இடி லைட் 11 வோல்ட்லயும் எரியும், அத நம்பாதீங்க. சும்மா இருக்குற ஃபுல் லெட் ஆசிட் பேட்டரி சுமார் 12.7 வோல்ட் காட்டும், 12 காட்டினா நல்லா இறங்கிடுச்சுன்னு அர்த்தம். 10.5க்குக் கீழ போனா பல போர்டு தடுமாறும். பேட்டரில அளக்காதீங்க, ஹீட்டர் போர்டுல அளங்க, வாட்டர் பம்பும் ஓடிக்கிட்டு ஸ்பார்க்கும் அடிக்கும்போது அளங்க. பேட்டரில 12.4, போர்டுல 10.8ன்னா நடுவுல ஏதோ ஒரு ஜாயின்ட் சூடாயிட்டு இருக்கு.

டேங்க் இல்லாத இன்ஸ்டன்ட் ஹீட்டர். ஃபேன் கோட், சென்சார் கோட், இல்ல ஷவர்ல நடுவுல நடுவுல சில்லுனு தண்ணி.

சில்லுனு தண்ணி வர்றதுக்கு பெரும்பாலும் ஃபால்ட்டே இல்ல. நிமிஷத்துக்கு சுமார் 2 லிட்டராவது ஓடினாதான் பல இன்ஸ்டன்ட் ஹீட்டர் பத்திக்கும். தண்ணி மிச்சம் பண்ற ஷவர் தலை, அடைச்ச இன்லெட் ஃபில்டர், ரொம்ப சூடா இருக்குன்னு பச்சத்தண்ணிய அதிகமா கலக்குறது, இதெல்லாம் ஹீட்டர் வழியா ஓடுற தண்ணிய குறைச்சிடும், அது அணைஞ்சிடும். ஹீட்டரோட செட்டிங்க குறைச்சிட்டு சுடுதண்ணிய மட்டும் முழுசா திறங்க, சரியாயிடும்.

ஃபேன் கோட்னா முதல்ல கையால ஃபேன சுத்திப் பாருங்க, கண்டிப்பா பவர் ஆஃப் பண்ணிட்டு. தூசியும் குளவிக்கூடும் சிக்கியிருக்கும். காத்து நேரா எக்ஸாஸ்ட்டுக்குள்ள அடிச்சாலும் இந்தக் கோட் வரும், வண்டியத் திருப்பி நிறுத்தினா போயிடும். சென்சார் கோட்னா அந்த டெம்பரேச்சர் சென்சார் கட் ஆயிருக்கு இல்ல ஷார்ட் ஆயிருக்கு. மல்டிமீட்டர்ல ஓம் பாருங்க, பல மாடல்ல 25 டிகிரில 10 கிலோ ஓம் கிட்ட இருக்கும், உள்ளங்கையில வச்சு சூடு பண்ணா இறங்கணும். இறங்கினா சென்சார் நல்லா இருக்கு, வயர பாருங்க.

கோட் எதுவும் இல்ல, பர்னர் நல்லா எரியுது, ஆனா தண்ணி வெதுவெதுன்னுதான் வருது.

பைபாஸ் வால்வு! குளிர்காலத்துக்கு வண்டிய மூடி வைக்கும்போது டேங்க ஒதுக்கி விட திருப்பின வால்வ திரும்ப மாத்த மறந்திருப்பீங்க. டேங்க்ல தண்ணி கொதிக்கக் கொதிக்க இருக்கும், குழாய்க்கு பச்சத்தண்ணி சுத்திக்கிட்டு போகும். டேங்க்ல தண்ணியே இல்லாமலும் இருக்கலாம், அது இன்னும் மோசம். அது சரியா இருந்தா வெளிப்பக்க ஷவரப் பாருங்க: அங்க சூடு, பச்சை ரெண்டு குழாயும் திறந்து வச்சு, ஷவர் தலையில இருக்குற பட்டன்ல மட்டும் நிறுத்தியிருந்தா ரெண்டு தண்ணியும் அந்த இடத்துல கலந்து வண்டி முழுக்க வெதுவெதுன்னு வரும். இந்த ரெண்டுக்கும் எந்தக் கோடும் வராது.

கேஸ்ல சூடாகுது, கரண்ட்ல சூடாகல.

கரண்ட்ல தண்ணிய சூடாக்குற எலிமென்ட் எரிஞ்சிருக்கும். காலி டேங்க்ல ஆன் பண்ணா கொஞ்ச நேரத்துலயே போயிடும். பிளக்க பிடுங்கிட்டு, பிரேக்கர ஆஃப் பண்ணிட்டு, வயர கழட்டி ஓம் பாருங்க. 120 வோல்ட், 1440 வாட் எலிமென்ட்னா 10 ஓம் கிட்ட காட்டணும். முடிவில்லாம காட்டினா எலிமென்ட் போச்சு. சரியா காட்டினா பிரேக்கரையும் ஏசி கரண்ட் பக்க ரீசெட் பட்டனையும் பாருங்க.

ரிலீஃப் வால்வு சொட்டுது, இதுவும் ஃபால்ட்டா?

பெரும்பாலும் இல்ல. டேங்க் மேல இருக்க வேண்டிய காத்து இடம் தண்ணில கரைஞ்சு போயிருக்கும், சூடாகி விரியுற தண்ணிக்கு வேற வழியில்ல. ஹீட்டர ஆஃப் பண்ணி தண்ணிய முழுசா ஆற விடுங்க. பம்ப், வெளித்தண்ணி ரெண்டையும் நிறுத்துங்க, ஒரு சுடுதண்ணிக் குழாய திறங்க, வால்வு கைப்பிடிய தூக்கி தண்ணி தானா நிக்கிற வரைக்கும் விடுங்க, கைப்பிடிய விட்டுட்டு குழாய மூடுங்க, தண்ணிய ஆன் பண்ணுங்க. சொட்டுதேன்னு அந்த வாய அடைச்சுடாதீங்க, எந்தக் காரணத்துக்கும்.

எந்த இடத்துல நிறுத்திட்டு டெக்னீஷியன கூப்பிடணும்?

கேஸ் வாசனை வந்தா அந்த நிமிஷமே. ஸ்விட்ச தொடாதீங்க, ஆன் ஆஃப் எதுவும் வேண்டாம், எல்லாரும் வெளிய வாங்க, சிலிண்டர மூடுங்க. கார்பன் மோனாக்சைடு அலாரம் கத்தினாலும் இதே தான், அதுக்கு வாசனையே கிடையாது, அலாரம் பொய் சொல்லுதுன்னு பேட்டரிய கழட்டாதீங்க. கேஸ் வால்வு, ரெகுலேட்டர், ஜெட், கேஸ் பைப் இது நாலும் உங்க வேலை இல்ல. வயர், கனெக்டர், கிரவுண்ட், ஃபியூஸ், பர்னர் டியூப் சுத்தம், தண்ணி வால்வு இதெல்லாம் நீங்களே பாக்கலாம்.

கூப்பிடும்போது "கோட் வருது"ன்னு மட்டும் சொல்லாதீங்க. மாடல் நம்பர், கோட் வீடியோ, டக், டிக், புஸ் மூணுல எது வந்துச்சு எது வரல, ஸ்பார்க் அடிக்கும்போது போர்டுல எத்தனை வோல்ட், இவ்வளவும் சொல்லுங்க. வர்றவர் சரியான பார்ட்ட கையோட எடுத்துட்டு வருவார்.